சாட்ஸ்வர்த் கொல்லையில் பெருந்தக்காளி: இரகத்துக்கு முன்னால் மாதம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தென்மேற்கில், சாட்ஸ்வர்த் வெஸ்ட்கிளிஃப் பக்கம் ஒரு பழைய கவுன்சில் வீடு. பின்புறம் சரிவான கொல்லை. மண் ஓடாமல் மூன்று படியாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் பெரியவர்கள் இருவரையும் பெரியம்மா, பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் கிடையாது, ஒரே கோயில். பெரிய இரகத் தக்காளி வளர்க்க ஆசைப்பட்டு, முதல் பருவத்தில் கிட்டத்தட்ட எல்லாச் செடிகளையும் பறிகொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் அதே விதைகளிலிருந்தும் பழம் எடுத்தார்கள். இடையில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரகப் பட்டியல் தேடி வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். நேட்டால் கரையோரத்தில் பெருந்தக்காளியின் தலையெழுத்தை முதலில் எழுதுவது மாதம், அப்புறம் மண். இரகம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

என்ன கேட்டார்கள்

பெரியம்மாவுக்குத் தேவை தெளிவாக இருந்தது. சட்னிக்கும் டின் மீன் குழம்புக்கும் அங்குள்ள பங்களாதேஷ் சந்தையில் ஜாம் தக்காளி என்ற நீளவாட்டுத் தக்காளி மலிவாகக் கிடைக்கிறது. அதற்காக அவர் மண்வெட்டி தூக்கத் தயாரில்லை. ஒரே ஒரு துண்டு வெட்டினால் பிரெட்டை ஓரம்வரை மூட வேண்டும், உப்பும் மிளகும் தூவி அப்படியே தின்ன வேண்டும். "கடையில கிடைக்கிறதை நான் எதுக்குத் தம்பி வளக்கணும்?" என்றார். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நல்ல தேர்வு விதி எனக்குத் தெரியாது. பழைய பெருந்தக்காளி இரகங்களுக்குத் தோல் மெல்லியது, சீக்கிரம் வெடிக்கும், லாரியில் நாள்கணக்கில் அடுக்கி அனுப்பினால் கூழாகிவிடும். கடைக்காரர் அதைத் தொடாததற்குக் காரணம் அதுதான்.

மகள் மூன்று விதைப் பொட்டலங்கள் வாங்கிக் கொடுத்தார்: பிராண்டிவைன், மார்ட்கேஜ் லிஃப்டர், ஆக்ஸ்ஹார்ட். மூன்றுமே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காக்கப்பட்ட இரகங்கள், கலப்பினம் அல்ல. பிராண்டிவைன் இளஞ்சிவப்பு, இலை உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமாக இருக்கும். ஆக்ஸ்ஹார்ட் இதய வடிவம், விதை குறைவு, சதை கெட்டி. மார்ட்கேஜ் லிஃப்டரை உருவாக்கியவர் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பைல்ஸ் என்ற மெக்கானிக். 1940களில் நாற்று ஒன்றுக்கு ஒரு டாலர் என்று விற்றே 6,000 டாலர் வீட்டுக் கடனை ஆறு ஆண்டில் அடைத்தார் என்பார்கள். பெரியப்பாவுக்கு இந்தக் கதை பிடித்துப்போய், பழம் பழுக்கும் முன்பே நாற்றுக்கு எத்தனை ராண்ட் வைக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

இவை ஏன் இவ்வளவு பெரிதாகின்றன என்று தெரிந்தால், எங்கே தடுக்கி விழும் என்பதும் விளங்கும். காட்டுத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டு அறைதான் இருக்கும். பெருந்தக்காளியில் ஆறு, எட்டு, சிலவற்றில் அதற்கும் மேல். எல்.சி., ஃபாஸ் என்று குறிக்கப்படும் இரண்டு மரபணு மாற்றங்கள் பூவின் சூலகத்திலேயே அறைகளைக் கூட்டிவிடுகின்றன. பழத்தின் எடையை ஆளும் இன்னொரு மரபணுவை 2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்ஸ்லியின் குழு பிரித்தெடுத்தது. அறை கூடினால் பழம் பெருக்கும், சரி. ஆனால் அத்தனை அறையிலும் விதை பிடித்தால்தான் பழம் ஒழுங்காக உருண்டு வரும். வெயிலோ குளிரோ மகரந்தத்தைக் கெடுத்தால் ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் சுருங்கி, அடியில் தழும்போடு நிற்கும். செர்ரி தக்காளிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு அறைதானே.

முதல் பருவம்

விதைத்தது ஆகஸ்டில். பொட்டலத்தில் வசந்தத்தில் விதைக்கச் சொல்லியிருந்தது; தெற்குக் கோளத்தில் அது ஆகஸ்ட், செப்டம்பர்தான். பெரியப்பாவும் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று அதற்கு முத்திரை குத்திவிட்டார். செப்டம்பர் கடைசியில் நாற்று நடப்பட்டது. கோழி எரு தாராளமாகப் போட்டார்கள். நவம்பருக்குள் செடிகள் தோளுயரம் வளர்ந்து கரும்பச்சையாக நின்றன. பார்ப்பவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு அந்தப் பச்சையே கொஞ்சம் சந்தேகம். தழைச்சத்து ஏறிய தக்காளி இலையில்தான் தன் வீரத்தைக் காட்டும்.

டிசம்பரில் பூக்கள் காம்பு முட்டில் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. ஒரு கொத்தில் ஒன்று பிடித்தால் அதிகம். வேலியோரம் தானாக முளைத்த செர்ரி தக்காளி மட்டும் அதே வெயிலில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பெரியம்மாவுக்கு அது பெரிய எரிச்சல்.

ஜனவரியில் இன்னொன்று ஆரம்பித்தது. நடுப்பகலில் ஒரு செடி தலை சாயும், இரவில் நிமிரும். இரண்டு மூன்று நாள் இப்படியே போய், அப்புறம் நிமிராது. இலை மஞ்சளாகவே இல்லை, பச்சையாகவே தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று பெரியப்பா காலையும் மாலையும் ஊற்றினார். வாடல் அடுத்த செடிக்கும் போயிற்று.

என்ன நோய்

வாடிய செடி என்றால் மூன்று ஆட்களைச் சந்தேகப்பட வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு என்றால் பிடுங்கிப் பார்த்தால் வேரில் கட்டி கட்டியாக இருக்கும், இங்கே இல்லை. ஃப்யூசேரியம் பூஞ்சை என்றால் அடியிலைகள், பெரும்பாலும் ஒரு பக்கத்து இலைகள், முதலில் மஞ்சளாகும், அதுவும் இல்லை. பச்சையாகவே சாய்வது பாக்டீரியா வாடலின் அடையாளம். அதை உறுதி செய்ய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுமுனை மட்டும் மூழ்கும்படி பிடித்தோம். சில நிமிடத்தில் பால் நிறத்தில் மெல்லிய இழைகள் வெட்டுவாயிலிருந்து கீழே இறங்கின. ரால்ஸ்டோனியா என்ற கிருமி தண்டுக் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எங்கிருந்து வந்தது? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அவர்களுடைய கீழ்ப்படிச் சுவர் சரிந்தது. டர்பன் வட்டாரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த மழைக்குப் பிறகு, சுவரைத் திரும்பக் கட்டி, பள்ளத்தை நிரப்ப ஒரு பேக்கி (சின்னச் சரக்கு வண்டி) நிறைய மண் வாங்கிக் கொட்டியிருக்கிறார்கள். எந்த நிலத்து மண் என்று யாரும் கேட்கவில்லை, யார்தான் கேட்பார்கள்? இந்தக் கிருமி மண்ணோடும் ஓடும் நீரோடும் நாற்றோடும் பயணம் செய்யும். வாடல் முதலில் கீழ்ப்படியில்தான் தொடங்கியது. அதனால் மண்ணைச் சந்தேகிக்கிறேன், நிரூபிக்க வழியில்லை. வந்துவிட்டால் மருந்து கிடையாது. ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்கும். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதை வைத்தாலும் அதற்குத் தீனி.

பூ உதிர்ந்தது தனி விவகாரம். இரவு வெப்பம் ஏறக்குறைய 13 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரியின் சராசரி இரவுக் குறைந்த அளவே 21 டிகிரி. வெக்கையான இரவுகள் அதற்கும் மேலே நிற்கும். கடற்கரை ஈரக்காற்றில் மகரந்தம் பொடியாக உதிராமல் ஒட்டிக்கொள்ளும். மழையும் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் கொட்டித் தீர்க்கிறது.

இரண்டு சிக்கலும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ரால்ஸ்டோனியாவுக்கும் சூடான, ஈரமான மண்தான் கொண்டாட்டம். மண் குளிர்ந்தால் அதன் வேகம் குறைந்துவிடும். அப்படியானால் பூ பிடிக்கும் மாதமும் கிருமி சோரும் மாதமும் ஒன்றேதான்: ஏப்ரல், மே.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பெரியப்பாவின் அப்பா கிளேர்வுட்டில் காய்கறி பயிரிட்டு வார்விக் காலைச் சந்தையில் விற்றவர். அவர் குளிர்காலத்தில்தான் தக்காளி கொண்டுபோவார் என்பது பேச்சுவாக்கில் பெரியப்பாவுக்கே நினைவு வந்தது. இனவாரியாக வசிப்பிடம் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் குடும்பத்தைச் சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளியபோது பெரியப்பா சிறு பையன்; நிலம் போனது, நிலத்தோடு நாள்காட்டியும் போயிற்று. ஆடிப்பட்டம் என்பது தமிழ்நாட்டின் பருவமழைக்குச் சொன்னது. இங்கே ஆடி நடுக்குளிர். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்களில் கரையோரத் தக்காளி பழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரகங்களை மறுபடி பார்த்தது

பருவத்தை மாற்றியதும் பட்டியலும் மாறியது. வாடலைத் தாங்குவதாகச் சொல்லி விற்கும் கலப்பின இரகங்களை அலசினோம். இதில் ஒரு பொறி இருக்கிறது. விதைப் பொட்டலத்தில் வி, எஃப், என் என்ற எழுத்துகளைப் பார்த்ததும் நோயே வராது என்று பலரும் நம்புகிறார்கள். வி, எஃப் இரண்டும் இரண்டு வகைப் பூஞ்சை வாடல், என் நூற்புழு. பாக்டீரியா வாடல் அதில் சேராது. 1994இல் அமெரிக்கத் தேர்வில் பரிசு பெற்ற பிக் பீஃப் நல்ல பெருந்தக்காளிதான், அந்த எழுத்துகள் எல்லாம் அதற்கு உண்டு. ஆனால் இந்தக் கொல்லை மண்ணில் அந்த எழுத்துகள் காப்பாற்றாது. அதோடு கலப்பினத்தில் விதை எடுத்து அக்கம்பக்கம் கொடுக்க முடியாது. பெரியம்மாவுக்கு அது ஒரு குறை.

ஃப்ளோரடேட் தென்னாப்பிரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த இரகம். ஃப்ளோரிடாவில் உருவானது, குட்டையான செடி, வெப்பத்திலும் ஓரளவு காய்க்கும். பழம் நடுத்தரம்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த ரோடேட், பிரிட்டோரியா அருகே ரூடெப்ளாட் ஆராய்ச்சி நிலையத்தில் பாக்டீரியா வாடலைத் தாங்குவதற்கென்றே 1980களில் உருவாக்கியது. பிரெட்டை மூடும் அளவு அதில் வராது. இருந்தாலும் கீழ்ப்படி மண்ணில் நேரடியாக நட வேறு எதையும் நான் சொல்லத் துணியவில்லை.

மணிமேக்கர் பேச்சே வேண்டாம் என்றேன். பேர்தான் பெரிது, ஆங்கிலேயர் கண்ணாடி வீட்டுக்கான சின்னப் பழம்.

நான் அழுத்திச் சொன்னது மார்மண்ட். தென்மேற்குப் பிரான்சில் கரோன் ஆற்றங்கரை ஊரின் பெயர் கொண்ட இரகம். விலா எடுத்த தட்டைப் பழம். பிராண்டிவைன் அளவு வராது, கால் கிலோவுக்கு உள்ளேதான் நிற்கும். ஆனால் நட்டு எழுபது நாளை ஒட்டிப் பழம் தரும், குளிர்ந்த இரவிலும் காய் பிடிக்கும். பிராண்டிவைனுக்கு எண்பது முதல் நூறு நாள் வேண்டும். செடியில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு வாரமும் புழுவுக்கும் குரங்குக்கும் ஒரு வாய்ப்பு.

ஒட்டுக்கட்டலாமா என்றும் யோசித்தோம். தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம், வாடலையும் வெள்ளத்தையும் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டும் முறையைப் பல நாடுகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம்மவர்கள் சுண்டைக்காய்ச் செடியில் கத்தரியை ஒட்டுவார்கள். வியாபாரத்துக்கு அருமையான வழி. ஆறேழு செடி வைக்கும் வீட்டுக்கு, ஒட்டு கூடும்வரை ஈரக்கூடாரம் போட்டுக் காவல் இருப்பது அதிகப்படி. தொட்டி சுலபம்.

இரண்டாம் பருவம்

தைப்பூசத்தை ஒட்டி, குழித்தட்டில் நிழலில் விதைப்பு. மார்ச் நடுவில் நடவு. 200 லிட்டர் டிரம்களை இரண்டாக அறுத்து, அடியில் துளை போட்டு, வாங்கிய தொட்டிக்கலவையும் மட்கும் நிரப்பி, செங்கல்மேல் தூக்கி வைத்தார்கள். கொல்லை மண் ஒரு பிடிகூட அதில் விழக் கூடாது என்று பெரியம்மா கறாராக இருந்தார். தொட்டிக்கென்று தனிக் கரண்டி. மார்மண்ட், பிராண்டிவைன் இரண்டிரண்டு தொட்டி. மார்ட்கேஜ் லிஃப்டர், ஆக்ஸ்ஹார்ட் ஒவ்வொன்று. கீழ்ப்படியில் ரோடேட். நடுப்படியில் மீலி (மக்காச்சோளம்), வெங்காயம், முட்டைக்கோஸ்.

தொட்டிகள் எங்கே என்பதில் ஒரு சின்னச் சச்சரவு. தெற்குப் பார்த்த சுவரடியில் வை என்று பெரியப்பா எங்கோ படித்திருந்தார். அது வட கோளத்துக்காரர்கள் எழுதியது. டர்பனில் ஜூன் மாத உச்சிச் சூரியன் வடக்கே, அடிவானத்திலிருந்து 37 டிகிரிக்கும் கீழேதான் நிற்கும். தெற்குச் சுவரடியில் நாள் முழுக்க நிழல். வடக்குப் பார்த்த சமையலறைச் சுவர் பகல் வெயிலை வாங்கி இரவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தொட்டிகள் அங்கே போயின.

ஏப்ரல் கடைசியில் பூ. தக்காளிப் பூவைத் தேனீ வந்து மேய்ந்தால் மட்டும் போதாது, அதிர வைக்க வேண்டும். அதில் கைதேர்ந்த பம்பிள் தேனீ சஹாராவுக்குத் தெற்கே இயற்கையில் கிடையாது. இங்கே அந்த வேலையைச் செய்வது மரம் துளைக்கும் கரிய தச்சுத் தேனீ. அது தினமும் வரும் என்று நம்பாமல், பத்து மணி வெயிலில் கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடச் சொன்னேன். பெரியம்மா பழைய மின் பல்துலக்கியைக் கொண்டுவந்து காம்பில் வைத்தார். அது இன்னும் நன்றாக வேலை செய்தது.

செடிக்கு இரண்டு தண்டு மட்டும் விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளினார்கள். கொத்துக்கு இரண்டு மூன்று காய். மற்றதெல்லாம் பட்டாணி அளவிலேயே எடுத்தாயிற்று. இது பெரியம்மாவுக்கு மனசே வரவில்லை. பெரியப்பாவோ மறுபக்கம்: 1986இல் ஓக்லஹோமாவில் கார்டன் கிரகாம் என்பவர் 3.51 கிலோ தக்காளி விளைவித்தார் என்று யாரோ சொல்லிவிட, செடிக்கு ஒரே ஒரு காய் விட்டால் போதும் என்று நின்றார்.

ஆக்ஸ்ஹார்ட்தான் முதலில் கைவிரித்தது. காய்களின் அடி கறுத்துக் குழிந்தது. நுனி அழுகல், நோய் இல்லை. சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடுதான் காய் நுனிவரை போக வேண்டும். தொட்டி ஒரு நாள் காய்ந்து மறுநாள் நனைந்தால் அந்த ஓட்டம் அறுந்துவிடும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுப் பயனில்லை, அது மட்கவே மாதக்கணக்காகும். வைக்கோல் மூடாக்குப் போட்டு, நாள்தோறும் ஒரே அளவு தண்ணீர் விட்டதும் அடுத்த கொத்துகள் தேறின. நீள்வாட்டுப் பழங்களுக்கு இந்தச் சீக்கு அதிகம் என்பதால், தொட்டிக்கு ஆக்ஸ்ஹார்ட்டை நான் இனிப் பரிந்துரைக்க மாட்டேன்.

இலையில் வெள்ளைக் கோடு கிழிக்கும் டூட்டா புழு 2016இல் இந்த நாட்டுக்குள் வந்தது. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறியும், கண்ட இலையை அன்றே கிள்ளி எரிப்பதும். பனி இறங்கிய வாரத்தில் ஒருமுறை தாமிர மருந்து. அவ்வளவுதான்.

குரங்குக்குத்தான் மருந்து இல்லை. சில்வர்கிளென் காட்டுப்பக்கம் இருந்து வரும் வெர்வெட் கூட்டம் காயைத் திருடினால்கூடப் பரவாயில்லை. ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததைத் தொடும். நட்டு நூறு நாள் காத்த பிராண்டிவைனை ஒரே கடியில் இழப்பது பொறுக்கும்படியானது இல்லை. வலை போட்டார்கள், வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கடைசியில் கைகொடுத்தது பறிக்கும் நேரம். அடியில் இளஞ்சிவப்பு தட்டிய உடனே பழத்துக்கு வேண்டியதைச் செடி பெரும்பாலும் கொடுத்து முடித்திருக்கும். வீட்டுக்குள் நிழலில், ஃப்ரிட்ஜில் வைக்காமல் பழுக்கவிட்டால் சுவை குறைவதில்லை. செடியிலேயே பழுத்தால்தான் ருசி என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் குரங்கில்லாத ஊரில் இருப்பவர்கள்.

கிடைத்தது

மார்மண்ட் ஜூன் முதலிலேயே வந்து ஆகஸ்ட்வரை ஓயாமல் கொடுத்தது. பிராண்டிவைன் தாமதமாக, எண்ணிக்கையில் கொஞ்சமாக வந்தது. ஆனால் அதில் ஒன்று அரைக் கிலோவைத் தாண்டியது. ருசியில் மற்றவை பக்கத்தில் நிற்க முடியாது. மார்ட்கேஜ் லிஃப்டர் இரண்டுக்கும் நடுவில். ஜூன் குளிரில் பூத்த கடைசிக் கொத்துகள் மட்டும் முகம் கோணி, தழும்போடு வந்தன. டர்பனில் ஜூன், ஜூலை இரவு 10, 11 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதனால் மே கடைசியில் நுனியைக் கிள்ளி, பிடித்த காய்களை மட்டும் வளர்ப்பது நல்லது. அந்தக் கோணல் பழங்களைச் சட்னியில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது.

கீழ்ப்படியில் ரோடேட் செடி ஒன்று வாடியது, மற்றவை நின்றன. தாங்கும் இரகம் என்றால் தப்பிக்கும் இரகம் என்று பொருளில்லை. வாடியதைச் சுற்றியிருந்த மண்ணோடு தோண்டி, மட்குக் குழிக்குப் போகாமல் குப்பைப் பையில் கட்டி அனுப்பினார்கள்.

விதைக்கென்று மார்மண்ட் ஒரு கொத்தும் பிராண்டிவைன் ஒரு கொத்தும் பூக்கும் முன்பே மெல்லிய துணிப்பையில் கட்டி வைக்கப்பட்டன. பெருந்தக்காளிப் பூவில் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் செடி மகரந்தம் எளிதில் ஏறிவிடும். அந்த விதைகள் இப்போது உறைகளில் இருக்கின்றன. அடுத்த தைக்குப் பிராண்டிவைனை ஒரே தொட்டியாகக் குறைத்து மார்மண்டைக் கூட்டுவது என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். பெரியப்பா அந்த ஒரு தொட்டியில் ஒரே காய்தான் விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.